பில்லின் பின்பக்கம்

நூரியா,
முதலில் தொகையைத்தான் பார்த்திருப்பாய்.
பிஸ்டன் நான்குக்கும் காசு போடவில்லை.
காரணத்தை முன்பக்கம் எழுத
இடமும் இல்லை, தைரியமும் இல்லை.

போன மாசியில் உப்பூர் தாண்டி
உன் எஸ்டீம் நீலப் புகை கக்கி நின்றது.
கயிறு கட்டி உச்சிப்புளிக்கு இழுத்து வந்து
ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால்
மூன்றாம் பிஸ்டனின் விளிம்பு
பூனை கடித்துப்போட்ட கருவாடு.
"பெட்ரோல்ல கலப்படம்" என்றேன்.
நீ நம்பினாய்.
பங்க்காரரோடு சண்டைக்கும் போனாய்.

அன்று ராத்திரி
உடைந்த ரிங்கைத் துணியில் வைத்து
லென்ஸ் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டு முனையும் பளபளத்தன.
ஒன்றையொன்று முட்டித் தேய்த்த பளபளப்பு.

கம்பெனிப் புத்தகம் சொன்ன இடைவெளியைத்தான்
வைத்திருந்தேன்.
புத்தகம் எழுதியவர்களுக்கு
என்ஜின் தானாக மூச்சு இழுக்கும் என்று நினைப்பு.
நீயும் நானும் அதன் வாயில்
ஆடிக் கச்சானைக் குழாய் வைத்து ஊதினோம்.
சூடு ஏறினால் இரும்பு நீளும்.
நீள இடமில்லாத வளையம்
முதலில் சுவரைக் கீறும்,
அப்புறம் தான் குடியிருக்கும் காடியையே உடைக்கும்.

இந்த முறை
ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கிழித்து
அதில் பதினெட்டு.
அரம் உள்நோக்கி மட்டும்.
மூன்று இழுப்பு, ஒரு அளவு,
மறுபடி மூன்று இழுப்பு.
ஃபீலர் தகடு நுழையும்போது
நண்டு வளைக்குள் போவதுபோல் போக வேண்டும்,
இடிக்காமல், ஆனால் உரசி.
எட்டு வளையத்துக்கு இரண்டு ராத்திரி.
கரண்டு போன அரைமணியில்
டார்ச்சைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கெடுத்தது ஒன்று.
அதுவும் பில்லில் இல்லை.

போர் போட்டு மதுரையிலிருந்து வந்த பிளாக்கை
ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும்,
விடியும்போது மஞ்சள் பூத்துவிடும்.
இந்த ஊர்க் காற்று அப்படி.
எண்ணெய் தடவி, என் சாரத்தைக் கிழித்துச் சுற்றி
கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.
பிலவேந்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒன்பது நாள் அவள் அண்ணன் வீட்டில் படுத்தாள்.

பிஸ்டன் வார்த்தது இல்லை, அடித்தது.
காலைக் குளிரில் சுருங்கிக் கிடந்து
டொக் டொக்கென்று தட்டும்.
பக்கத்தில் நிற்கிறவன் என்ஜின் போச்சு என்பான்.
கேட்காதே. சூடானதும்
சிலிண்டரை நிறைத்து வாயை மூடிக்கொள்ளும்.

அழுத்தத்தை ஒரு படி குறைத்திருக்கிறேன்.
பூஸ்ட் பிடிக்கும்வரை சோம்பல் தெரியும்.
ஆயிரம் கிலோமீட்டருக்கு அதைத் தொடவே தொடாதே.
பாம்பனில் நண்டுக் கூடை ஏற்று,
தொண்டியில் இறக்கு,
மீன் லாரிக்குப் பின்னால்
ஹாரன் அடிக்காமல் போய்ப் பழகு.
ஏறி, இறங்கி, ஏறி.
ஒரே வேகத்தில் மட்டும் போகாதே.
உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

இன்னொன்று.
வண்டி நின்றதும் சாவியைத் திருப்பாதே.
டர்போத் தண்டு
லட்சம் சுற்றிலிருந்து இறங்கி வரவேண்டும்.
ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும்,
இல்லையென்றால் எண்ணெய் அதன்மேல் கருகிவிடும்.
இந்தத் தாளைப் படிக்க
அந்த நிமிடம் போதும் என்று
இங்கே எழுதினேன். நீண்டுவிட்டது.

பங்க்குக்கு நேற்று நானே போனேன்.
தப்பு உங்கள் பெட்ரோலில் இல்லை,
என் அரத்தில் என்றேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
பைப்பை என் டேங்கில் வைத்தார்.
"ஜீரோ பாத்துக்கங்க" என்றார்.

— சூசை